காவிரிக் கரையிலிருந்து ஆல்ப்ஸுக்கு: பனிச்சறுக்கு, கோடை விடுமுறைப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஆல்ப்ஸ் பயணம் கெடுவது பெரும்பாலும் தேதியால்தான். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு, தள்ளுபடியில் டிக்கெட் வந்தது, வாங்கிவிட்டோம் என்று சொல்லும் குடும்பங்களைத் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். அங்கே போய் இறங்கினால் கேபிள் கார் பராமரிப்புக்காக நிற்கும். அடிவாரத்தில் பனி கரைந்து சேறாகியிருக்கும். மேலே நடைபாதை இன்னும் பனிக்குள் கிடக்கும். பனிச்சறுக்கும் இல்லை, மலை நடையும் இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டியில் வேலைகளின் வரிசையே முக்கியம். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டிய ஒன்றைக் கையில் கொடுக்கும். இடையில் ஒன்றைத் தாண்டிப் போனால் பிறகு பணம் கட்டித்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

1. மலையின் நாட்காட்டியைப் பார்த்துத் தேதி வையுங்கள்

பெரும்பாலான ஆல்ப்ஸ் ஊர்களில் பனிச்சறுக்குக் காலம் டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் தொடக்கம் அல்லது நடு வரை போகும். கோடைக் காலம் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. சில ஊர்களில் அக்டோபர் நடு வரை நீளும். இடைப்பட்ட வாரங்களில் லிஃப்டுகளைச் சரிபார்ப்பார்கள். பல ஓட்டல்கள் பூட்டிக்கிடக்கும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை அந்த இடைவெளியில்தான் பெருமளவு விழுகிறது.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் உங்களுக்கு எஞ்சுவது மூன்று வாய்ப்புகள். அரையாண்டு விடுமுறையில் பனி உண்டு. ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில்தான் எல்லா விலையும் உச்சத்தில் இருக்கும். பொங்கல் விடுமுறையோடு சில நாள் லீவு சேர்த்தால் புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு போகலாம். விலை இறங்கியிருக்கும், குளிர் கடுமையாகவும் பகல் குறுகியதாகவும் இருக்கும். காலாண்டு விடுமுறை மலை நடைக்கு அருமையான காலம்: கூட்டம் குறைவு, வானம் தெளிவு, பல லிஃப்டுகள் அப்போதும் ஓடும்.

பள்ளிக் கட்டாயம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது மார்ச் முதல் பாதி. பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறையால் விலை ஏறும். மார்ச்சில் அந்தக் கூட்டம் குறைந்துவிடும். பகல் நீண்டிருக்கும், வெயில் அடிக்கும். முதல்முறை சறுக்குகிறவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. சம்பா அறுவடை முடிந்து, நெல் போட்ட பணமும் கணக்குக்கு வந்திருக்கும் நேரம் அது. குறுவை போடுகிறவர்கள் ஜூன், ஜூலைப் பயணத்தை நினைக்கவே வேண்டாம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்துவிட்டால் நாற்றங்காலையும் நடவையும் விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது.

மே மாதம்தான் முடியும் என்றால் எதிர்பார்ப்பை மாற்றிக்கொண்டு போங்கள். சுவிட்சர்லாந்தில் 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையத்துக்கு ஆண்டு முழுவதும் போகலாம்; பனியைத் தொட்டுவிட்டு வரலாம். கீழே லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் பனி உருகி அருவிகள் நிறைந்து கொட்டும். அங்குள்ள ஸ்டாப்பாக் அருவியின் உயரம் 297 மீட்டர். அது காட்சி பார்க்கும் பயணம். சறுக்கக் கற்கும் பயணம் ஆகாது.

2. பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்

ஷெங்கன் நாடுகளை, அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை, விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். பெயரில் தந்தையின் பெயர் ஒட்டியிருக்கும் விதம் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். திருத்தம் வேண்டுமானால் அதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

3. நாடு அல்ல, ஊரைத் தேர்ந்தெடுங்கள்

“சுவிஸ் போகிறோம்” என்பது திட்டமாகாது. ஒரே ஊரில் ஐந்தாறு நாள் தங்கினால்தான் சறுக்கக் கற்க முடியும். மூன்று நாட்டை ஒரு வாரத்தில் சுற்றும் ஆசையையும் பனிச்சறுக்கையும் சேர்க்காதீர்கள்.

ஊரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். ரயில் ஊருக்குள் வருகிறதா? புதியவர்களுக்கான சாய்வுதளம் தங்குமிடத்துக்கு அருகில் இருக்கிறதா? சறுக்காத பெரியவர்களுக்குப் பொழுது போகுமா?

இந்த மூன்றுக்கும் பொருந்தும் ஊர்களில் ஒன்று ஆஸ்திரியாவின் ட்செல் அம் சே. சால்ஸ்பர்க்கிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஏரிக்கரை ஏறக்குறைய 750 மீட்டர் உயரம். பக்கத்துக் கப்ரூன் ஊரின் கிட்ஸ்டைன்ஹார்ன் பனியாற்றில் லிஃப்ட் 3,029 மீட்டர் வரை ஏறும். குளிர்காலத்தில் சறுக்கு, கோடையில் கீழே ஏரி, மேலே பனி. தங்குமிடங்கள் பல கோடையில் விருந்தினர் அட்டை தருகின்றன. லிஃப்ட், படகு, நீச்சல் என்று பல செலவுகள் அதில் அடங்கும். அந்த அட்டை உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்ரூனின் மலை அணைகளை நம் ஊர்க்காரர்கள் கோடையில் பார்த்தே ஆக வேண்டும் என்பேன். 1955-இல் கட்டி முடிக்கப்பட்டவை. மோசர்போடன் நீர்த்தேக்கம் சுமார் 2,040 மீட்டர் உயரத்தில், உருகும் பனியை வாங்கித் தேக்கி மின்சாரம் எடுக்கிறது. மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் செய்தித்தாளில் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு அந்த அணைச் சுவரின் மேல் நின்று பார்ப்பது தனி அனுபவம்.

சுவிட்சர்லாந்துதான் வேண்டும் என்றால் 1,034 மீட்டர் உயரத்திலுள்ள கிரிண்டல்வால்டு குடும்பங்களுக்கு வசதி. சூரிச் விமான நிலையத்திலிருந்து ரயிலிலேயே போய்ச் சேரலாம். ட்செர்மாட் இன்னும் உயரம், பனி நம்பகமானது, ஊருக்குள் பெட்ரோல் கார்கள் கிடையாது. செலவும் அதற்கேற்ப இருக்கும்.

4. தங்குமிடம்: சமையலறை உள்ளதாக, ரத்து செய்யக்கூடியதாக

விசா கிடைக்கும் முன் பணம் திரும்பாத முன்பதிவு எதுவும் செய்யாதீர்கள். இலவசமாக ரத்து செய்யும் கடைசித் தேதி, விசா முடிவு வரக்கூடிய தேதிக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

சமையலறை உள்ள அடுக்ககம் எடுங்கள். அடுப்பு எந்த வகை என்று கேட்டுவிடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் இங்கிருந்து தூக்கிப்போன அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. இண்டக்‌ஷனுக்கு ஏற்ற அடிப்பாகம் உள்ள எவர்சில்வர் குக்கர் வேண்டும். 1,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைத்த பருப்பு எவ்வளவு நேரமானாலும் நறுக்கென்றே இருப்பதற்குக் காரணம் அதுதான். சிறிய குக்கர் ஒன்று பெட்டியில் இடம் பிடிப்பதில் தவறே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தால் கடை அடைப்பதற்குள் பால், தயிர், காய்கறி வாங்கிவிட வேண்டும்.

5. காப்பீடு: விசாவுக்குப் போதுமானது உங்களுக்குப் போதாது

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏஜென்ட் எடுத்துத் தரும் மலிவான பாலிசி அந்த நிபந்தனையை நிறைவேற்றிவிடும். ஆனால் அதன் விலக்குப் பட்டியலில் பனிச்சறுக்கு, பாராகிளைடிங், மலையேற்றம் எல்லாம் இருக்கலாம். கால் உடைந்து ஹெலிகாப்டர் வந்து தூக்கிச் சென்றால் அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

பாலிசியில் மூன்றைத் தேடுங்கள்: குளிர்கால விளையாட்டு, மலை மீட்பு, பிறருக்கு நாம் ஏற்படுத்தும் காயத்துக்கான பொறுப்பு. மூன்றாவதை இத்தாலியின் சறுக்குத் தளங்களில் 2022 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். முகவர் வாயால் “எல்லாம் உண்டு” என்று சொல்வதை ஏற்காதீர்கள். பாலிசித் தாளில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

6. விசா: விவசாயக் குடும்பம் கோப்பைத் தயாரிக்கும் முறை

எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. முடிவுக்கு வழக்கமாக 15 நாள். சிக்கலானால் 45 நாள் வரை. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குள் இலவசம். கைரேகை பதிய நேரில் சென்னை போக வேண்டும். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கைரேகை கிடையாது.

டெல்டாக்காரர்கள் தடுமாறுவது வருமானச் சான்றில். மாதச் சம்பளக்காரரின் வங்கிக் கணக்கு ஒரே சீராக இருக்கும். விவசாயியின் கணக்கில் மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. அறுவடை முடிந்து நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டதும் பெரிய தொகை ஒன்று விழும். தூதரகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது விசாவுக்காகக் கடன் வாங்கிப் போட்ட பணம் போலத் தெரியும். மூன்று மாதக் கணக்கு கேட்டாலும் ஓராண்டுக் கணக்கைக் கொடுங்கள். கொள்முதல் ரசீதுகளை இணைத்து, எந்தத் தேதி வரவு எந்த நெல்லுக்கு என்று முகப்புக் கடிதத்தில் எழுதுங்கள். “பிப்ரவரியில் வந்தது சம்பா நெல்லுக்கான தொகை, ரசீது இணைப்பு 4” என்ற ஒற்றை வரி பல சந்தேகங்களைத் தீர்க்கும்.

பட்டா, சிட்டா, அடங்கல், வட்டாட்சியர் தரும் வருமானச் சான்று ஆகியவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்றொப்பத்துடன் வையுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகள் ஏராளம். அப்படியானால் வாரிசுச் சான்றையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நிலம் உங்களுடையது என்பதற்கு ஆதாரமே இராது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை; ஆனாலும் வேறு வருமானத்தோடு கணக்குத் தாக்கல் செய்து, விவசாய வருமானத்தையும் அதில் காட்டி வந்திருந்தால் கோப்பு வலுவாகும்.

திரும்பி வருவீர்கள் என்பதற்கு நிலமே நல்ல சாட்சி. அடுத்த சாகுபடி எப்போது தொடங்குகிறது என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். பொய்யான வேலைச் சான்று எதையும் வைக்காதீர்கள். சரியான விவசாயக் கோப்பு போலிக் கம்பெனிக் கடிதத்தைவிட எவ்வளவோ மேல்.

7. விமான டிக்கெட்

விசா வந்த பிறகு பணம் கட்டுங்கள். அதுவரை முன்பதிவு விவரம் போதும். திருச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா அல்லது கொழும்பு வழியாக மாறிப் போகலாம்; சென்னையிலிருந்து தேர்வுகள் அதிகம். மாறும் விமானங்கள் எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீணாகும்.

மதியத்துக்குள் இறங்கும் விமானமாகப் பாருங்கள். மலை ஊருக்குக் கடைசி பஸ் இரவு வரை காத்திருக்காது. முதல்முறை நுழையும்போது எல்லையில் கைரேகையும் புகைப்படமும் பதிவு செய்யும் புதிய முறை 2025 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. அதற்கும் நேரம் வையுங்கள். டிசம்பர்ப் பயணமாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே சென்னை போய்விடுங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ரயிலை நம்பி அன்றைக்கே கிளம்புவது ஆபத்து.

8. வகுப்பு, வாடகை, லிஃப்ட் பாஸ்: இந்த வரிசையில்

முதலில் சறுக்குப் பள்ளியில் இடம் பிடியுங்கள். புதியவர்களின் குழு வகுப்புகள் பல ஊர்களில் ஞாயிறு அல்லது திங்களன்றுதான் தொடங்கும். புதன்கிழமை போய் இறங்கினால் தனி வகுப்புக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு உறவினர் சொல்லித்தருவார் என்று விடாதீர்கள்; பயத்தை விரட்டத் தெரிந்தவர் பயிற்சி பெற்ற ஆசிரியர்.

அடுத்து வாடகைப் பொருட்கள். ஸ்கீ (காலில் மாட்டும் சறுக்குப் பலகை), பூட்ஸ், கைக்கம்பு, ஹெல்மெட் எல்லாம் அங்கேயே கிடைக்கும். கடையில் எடை, உயரம், வயது கேட்பார்கள். எடையைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். விழும்போது பூட்ஸிலிருந்து ஸ்கீ கழன்றுகொள்ளும் அழுத்தத்தை அந்த எண்களை வைத்துத்தான் அமைக்கிறார்கள். தவறான எண் கொடுத்தால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, அல்லது கழலக்கூடாத நேரத்தில் கழன்றுவிடும்.

பூட்ஸ் போடும்போது ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை போதும். குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் விறைக்கும். பேன்டின் ஓரம் உள்ளே மடிந்திருக்கவே கூடாது. அந்த மடிப்பு அரை மணியில் கணைக்கால் எலும்பைப் பதம் பார்த்துவிடும். நேராக நின்றால் கட்டைவிரல் முன்புறத்தை லேசாகத் தொட வேண்டும்; முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் சற்றே பின்வாங்க வேண்டும். அப்படி இருந்தால் அளவு சரி. கடையிலேயே பத்து நிமிடம் நின்று பாருங்கள்; வலித்தால் கூச்சப்படாமல் மாற்றச் சொல்லுங்கள்.

லிஃப்ட் பாஸ் கடைசியில். பெரிய ஊர்களில் முழுப் பகுதிக்கான ஒரு நாள் பாஸ் பெரியவருக்கு 70 யூரோவைத் தாண்டும். முதல் இரண்டு நாள் நீங்கள் பயிற்சித் தளத்தை விட்டு நகரப்போவதில்லை. அங்கே செல்லும் சிறிய பாஸ் அல்லது ஒரு முறைச் சீட்டு உண்டா என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

9. இரண்டு மாதம் முன்பே உடம்பைத் தயார் செய்யுங்கள்

சமவெளியில் எவ்வளவு நடந்தாலும் சறுக்குக்கு வேண்டிய தொடை வலு வராது. படி இறங்கிப் பழகுங்கள். சுவாமிமலையின் 60 படிகளை நிதானமாக ஏறி, அதைவிட நிதானமாக இறங்குங்கள். திருச்சிக்காரர்களுக்கு மலைக்கோட்டை இருக்கிறது. இறங்கும்போது தொடை முன்புறம் உடம்பைத் தாங்குகிறதே, அதே வேலையைத்தான் பனியிலும் நாள் முழுக்கச் செய்யும். வீட்டில் தோப்புக்கரணம் போட்டாலும் நல்ல பயிற்சி.

இதய நோய், ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு உள்ளவர்கள் 3,000 மீட்டருக்கு மேல் போகலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கேபிள் கார் அரை மணியில் தூக்கிவிடும். உடம்பு அவ்வளவு வேகமாகப் பழகாது. தலைவலி, குமட்டல் வந்தால் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.

10. பெட்டியில் என்ன

பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ் (கம்பளி போன்ற செயற்கைத் துணி), வெளியே தண்ணீர் புகாத உடை என மூன்று அடுக்கு. கையுறையும் தண்ணீர் புகாததாக இருக்கட்டும். ஜாக்கெட், பேன்ட்டை வாடகைக்கும் தரும் ஊர்கள் உண்டு. ஒரு வாரத்துக்காக விலை கொடுத்து வாங்குமுன் விசாரியுங்கள்.

வெயில் நமக்குப் பழக்கம் என்று சன் கிரீமை விட்டுவிட்டுப் போகாதீர்கள். 1,000 மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நின்றாலே கண் எரிந்து நீர் வழியும்.

சாப்பாட்டில் ஒரு கட்டுப்பாடு: இறைச்சி, பால் பொருட்களை இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, மோர் மிளகாய் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், காப்பித் தூள் போதும். தயிர் அங்கே நன்றாகவே கிடைக்கும்.

11. பனியில் முதல் மூன்று நாள்

முதல் நாள் விழக் கற்றுக்கொள்ளுங்கள். வேகம் கைமீறினால் பக்கவாட்டில் சாய்ந்து உட்காருவதுபோல் விழ வேண்டும், பின்னால் சாயக்கூடாது. எழும்போது ஸ்கீ இரண்டையும் சரிவுக்குக் குறுக்காக வைத்த பிறகே எழ வேண்டும். சரிவைப் பார்த்தபடி வைத்தால் எழுந்த கணமே ஓடத் தொடங்கிவிடும்.

அடுத்து வேகம் குறைப்பது. ஸ்கீயின் முன்நுனிகளை நெருக்கி, பின்பகுதிகளை விரித்து, உள் ஓரங்களை அழுத்த வேண்டும். ஏர் உழும் கொழுவின் வடிவம். பயத்தில் உடம்பைப் பின்னால் இழுப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. எடை பின்னால் போனால் ஸ்கீ உங்கள் பேச்சைக் கேட்காது. கணைக்கால் எலும்பு பூட்ஸின் முன்நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கட்டும்.

பாதைகளின் நிறம் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸில் நீலத்துக்குக் கீழே பச்சையும் உண்டு. நீலத்தில் தன் விருப்பப்படி நிற்கத் தெரியாதவர் சிவப்புக்குப் போகக்கூடாது. முன்னால், கீழே போகிறவருக்கே வழி. மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும். நடுப்பாதையில் நின்று படம் எடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள் மதியம்தான் விபத்துகளுக்குத் தோதான நேரம். கொஞ்சம் தெரிந்துவிட்ட துணிவும் களைத்த கால்களும் சேர்ந்துவிடும். “கடைசியாக ஒரு முறை” என்று ஏறாமல், கால் நடுங்கத் தொடங்கியதும் லிஃப்டிலேயே கீழே இறங்கிவிடுங்கள்.

12. கோடையில் போகிறவர்களுக்கு

உயரத்துக்கு ஏற்ப வெப்பம் 1,000 மீட்டருக்கு 6 டிகிரிக்கு மேல் குறையும். ட்செல் அம் சே ஏரிக்கரையில் 25 டிகிரி என்றால் கிட்ஸ்டைன்ஹார்ன் மேலே 10 டிகிரிதான். கோடையிலும் ஜாக்கெட் வேண்டும்.

காலையிலேயே கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் இடிமழை வருவது வழக்கம். சுவிட்சர்லாந்தில் மஞ்சள் குறி உள்ள பாதை குடும்பத்துக்கு. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக்கு மலைக்கேற்ற காலணியும் தடுமாறாத நடையும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை நமக்கானதல்ல. பலகையில் எழுதியிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. பிள்ளைகளோடு போனால் ஒன்றரை மடங்காகக் கணக்கிடுங்கள். கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்பதைக் கிளம்பும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேய்ச்சல் நிலத்தின் வழியாகப் பாதை போகும். மாட்டைத் தடவிக்கொடுத்து வளர்ந்த நம் பிள்ளைகள் கன்றைக் கண்டதும் ஓடுவார்கள், தடுத்துவிடுங்கள். அங்கே தாய்ப்பசு கன்றுக்காக மனிதரை முட்டிய சம்பவங்கள் உண்டு. தூரமாகச் சுற்றிப் போவதே சரி. ஓடைகளிலும் இறங்க வேண்டாம். மேலே மின்நிலையத்தில் தண்ணீர் திறந்தால் நொடியில் மட்டம் உயரும். எச்சரிக்கைப் பலகை அதைத்தான் சொல்கிறது. காவிரியில் நீந்தியவரானாலும் ஏரியில் எடுத்த எடுப்பில் குதிக்காமல், கரையிலிருந்து மெல்ல இறங்கி உடம்பைப் பழக்குங்கள்.

13. விபத்து நேர்ந்தால்

ஐரோப்பா முழுவதற்கும் 112. ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140, சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. குடும்பத்தில் எல்லாருடைய கைப்பேசியிலும் இவற்றைப் பதிந்து வையுங்கள். அடிபட்டவருக்குச் சற்று மேலே சரிவில் இரண்டு ஸ்கீயைக் குறுக்காக நட்டுவைத்தால் மேலிருந்து வருகிறவர்கள் விலகிப்போவார்கள். பாதை ஓரத்துக் கம்பத்திலுள்ள எண்ணைச் சொன்னால் மீட்புக்குழு உங்களைத் தேட வேண்டியதில்லை.

சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணுக்குத் தகவல் சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள். மருத்துவர் அறிக்கை, எக்ஸ்ரே, மீட்புக் கட்டண ரசீது, லிஃப்ட் பாஸ் எல்லாவற்றையும் ஊருக்குத் திரும்பும் முன்பே கையில் வாங்கிவிட வேண்டும். கும்பகோணத்திலிருந்து மின்னஞ்சல் போட்டு அந்தத் தாள்களைப் பெறுவதற்கு மாதங்கள் ஆகும்.